உதிர்ந்தவை யாருக்கு?

இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்தில், லூக்கா நகருக்கு வடக்கே, செர்க்கியோ ஆற்றின் கரையோரமாக மேலேறிச் சென்றால் கர்ஃபஞ்ஞானா என்னும் மலைப்பகுதியை அடையலாம். ஒருபுறம் அப்பெனின் மலைத்தொடர்; மறுபுறம் வெண்பளிங்கு வெட்டியெடுக்கப்படும் அப்புவான் மலைகள்; இடையே சரிவெங்கும் காடு. அப்பகுதியில் எம் சபை நடத்திய முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரிய 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் அனுப்பப்பட்டேன். எட்டு ஆண்டுகள் அங்கே கழிந்தன. அந்த ஆண்டுகளில் நான் கேட்ட மறையுரைகள் பல மறந்துவிட்டன. ஆனால் ஒரு மரத்தடியில் குனிந்து நின்ற ஒரு பிற்பகல் மட்டும் மறக்கவில்லை. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் செஸ்நட் என்றும், இத்தாலிய மொழியில் கஸ்தாஞ்ஞா என்றும் வழங்கும் கொட்டையை நம்மில் பலர் கண்டதில்லை. முந்திரி, பாதாம் முதலியவற்றின் இனமாக அதை எண்ணிவிட வேண்டாம். அவற்றில் எண்ணெய் மிகுதி. இதிலோ எண்ணெய் மிகக் குறைவு, மாவுச்சத்தே பெரும்பங்கு. அவித்துத் தின்றால் நம் ஊர்ப் பலாக்கொட்டை நினைவுக்கு வரும். அதைவிடச் சற்றே இனிப்பு. உலர்த்தி அரைத்தால் மாவாகும். கோதுமை விளையாத செங்குத்தான சரிவுகளில் இம்மரம் செழித்து வளர்ந்தது. ஆகவே மலைமக்கள் பல நூற்றாண்டுகளாக இதன் மாவைத் தின்றே உயிர் வாழ்ந்தார்கள். இதற்கு 'அப்ப மரம்' என்றே பெயரிட்டார்கள். 1115ஆம் ஆண்டு மறைந்த கனோசாவின் மத்தில்தா சீமாட்டி இம்மரத்தை நட்டு வளர்க்குமாறு மக்களை ஊக்குவித்தார் என்பது அப்பகுதியின் மரபு. திருத்தந்தையருக்குத் துணைநின்ற அந்த அம்மையாரின் உடல் இன்று உரோமைப் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கிறது. அவரது நினைவு மலைமக்களின் அடுக்களையிலும் இருக்கிறது.

முதல் இலையுதிர் காலத்திலேயே நான் ஒரு தவறு செய்தேன். இல்லத்திற்கு வரும் சாலையின் இருபுறமும் பெருமரங்கள் நின்றன. அக்டோபர் மாதக் காற்றில் அவற்றின் அடியில் பளபளவென்று பழுப்புநிறக் கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன. "ஆகா, இவைதாம் செஸ்நட்" என்று எண்ணி, முன்றானைத் துணி நிறைய அள்ளிக்கொண்டு அடுக்களைக்கு வந்தேன். அங்கே அடுப்போரம் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் அதைக் கண்டதும் சிரித்துவிட்டார். நான் அவரை நோன்னா, அதாவது பாட்டி என்று அழைப்பது வழக்கம்.

"சகோதரி, எங்களையெல்லாம் ஒரே நாளில் விண்ணகம் அனுப்பப் பார்க்கிறீர்களா?" என்றார்.

நான் கொண்டுவந்தவை குதிரைச் செஸ்நட். மனிதர் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். வேறுபாட்டை அன்று அவர்தாம் கற்பித்தார். உண்ணத்தகாத மரத்தின் இலை, விரித்த கைபோல ஐந்து அல்லது ஏழாகப் பிரிந்திருக்கும். அதன் பச்சைக் கூட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டை முட்கள். உள்ளே உருண்டைக் கொட்டை. உண்ணத்தக்க மரத்தின் இலையோ நீண்டு ஒற்றையாக, விளிம்பில் அரம்போன்ற பற்களோடு இருக்கும். அதன் கூடு, சுருண்டு படுத்த முள்ளெலியைப் போல் ஊசி முட்களால் மூடப்பட்டது. பழுத்ததும் அது வெடிக்கும். உள்ளே பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கொட்டைகள், ஒன்றையொன்று நெருக்கித் தட்டையாகி, நுனியில் சிறு குஞ்சத்தோடு கிடக்கும். "நுனியைப் பாருங்கள். குஞ்சம் இல்லாவிட்டால் தொடாதீர்கள்" என்றார் நோன்னா.

அவர் சிரித்ததைக் கண்டு நாங்கள் வியந்தோம். ஏனெனில் இடுப்பெலும்பு முறிந்து, மலைமேல் இருந்த தம் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கு வந்ததிலிருந்து அவர் சரிவர உண்பதில்லை. தட்டைத் தள்ளிவிடுவார். கட்டாயப்படுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மருத்துவர் உடலில் பெரிய குறையொன்றும் காணவில்லை. அன்று மாலை அவராகவே என்னை அழைத்து ஒன்று கேட்டார்.

"ருஸ்பாரே தொடங்கிவிட்டதா?"

அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை. கோழி மண்ணைக் கிளறுவதைக் குறிக்கும் சொல் அது என்று பின்னர் அறிந்தேன். தோப்புக்காரர் தம் அறுவடையை முடித்தபின், சருகுக்கு அடியில் தப்பிக்கிடக்கும் செஸ்நட் கொட்டைகளை ஏழைகள் கிளறிப் பொறுக்குவதற்கும் அதே பெயர். மரங்கள் காட்டில் நிற்பவைபோல் தோன்றினாலும் பெரும்பாலும் ஒருவருக்கு உரியவை. அறுவடைக் காலத்தில் அயலார் அங்கே கைவைத்தால் அது திருட்டு. ஆனால் நோன்னாவின் ஊரில், நவம்பர் 11ஆம் நாள், புனித மார்ட்டின் திருநாள் வந்துவிட்டால் தோப்பு திறந்தது என்று பொருளாம். அதன்பின் உதிர்ந்து கிடப்பது யார் குனிகிறாரோ அவருக்கு. கேட்டு வாங்கும் தர்மம் என்று அதை எவரும் கருதியதில்லை. அது முறை.

நோன்னா இதைச் சொல்லக் கேட்டபோது லேவியர் நூலின் 19ஆம் அதிகாரமும் இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரமும் என் நினைவுக்கு வந்தன. வயலின் ஓரங்களை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, ஒலிவ மரத்தை ஒருமுறை உலுக்கியபின் மீண்டும் உலுக்காதே. மீதியானது ஏழைக்கும் அன்னியருக்கும், அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்று ஆண்டவர் இஸ்ரயேலருக்குக் கட்டளையிட்டார். அன்னியப் பெண்ணாகிய ரூத்து போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இந்தச் சட்டத்தின்படியே. அவள் வழிமரபில் தாவீது பிறந்தார்; தாவீதின் வழிமரபில் நம் ஆண்டவர் பிறந்தார். எத்தனையோ முறை நான் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்த செய்தி இது. சொல்லிக்கொடுத்தேனே தவிர, அதன் அருகே நான் நின்றதில்லை என்பது சில நாட்களில் விளங்கியது.

அவ்வாண்டு புனித மார்ட்டின் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தம் மேலாடையை இரண்டாக வெட்டி இரவலனுக்குப் பாதியைக் கொடுத்த அந்தப் புனிதரின் நாளில், திருப்பலிக்குப் பின், நோன்னா குறித்துக் கொடுத்த தோப்புக்கு ஒரு கூடையோடு சென்றேன். உரிமையாளரிடம் முன்னரே கேட்டிருந்தோம். அவர் தலையசைத்துச் சிரித்தார். தோப்பில் ஒருவரும் இல்லை. கணுக்கால் புதையும் அளவுக்குப் பொன்னிறச் சருகு. ஈர மண்ணும் காளானும் கலந்த மணம். ஒரு கோலால் சருகை விலக்கினேன். மூன்று கொட்டைகள் தெரிந்தன. குனிந்தேன்.

குனிந்த கை நின்றுவிட்டது. "பொறுக்கி" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னதுபோல் இருந்தது.

அதைச் சொன்னவள் என் பள்ளித் தோழி ஒருத்தி. அப்போது எனக்கு 13 வயது. விழுப்புரத்துக்கு மேற்கே எங்கள் ஊர்; மானாவாரிக் கடலை விளையும் செம்மண் பூமி. ஐப்பசியில் கடலை பிடுங்கி முடித்ததும் மண்ணுக்குள் தப்பிக்கிடக்கும் காய்களைத் தப்புக்கடலை என்பார்கள். கூலிக்குக் கடலை பிடுங்கிய என் அம்மா, வேலை முடிந்தபின் அதே கொல்லையில் களைக்கொட்டோடு அமர்ந்து தப்புக்கடலை பொறுக்குவார். விடுமுறையில் நானும் உடன் இருப்பேன். அப்படி ஒருநாள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பள்ளி திறந்ததும் வகுப்பில் என் பெயர் மாறியது. நம் மொழியில் அந்தச் சொல் எவ்வளவு கொடிய வசை என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பசிக்குப் பொறுக்கியவனைக் குறித்த சொல்லையே கீழ்மகனைக் குறிக்கும் சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதியில் என்னைப் பார்க்க அம்மா வந்தார். முந்தானை முடிச்சில் அவித்த கடலை. இன்னும் சூடு ஆறவில்லை. "இந்தா பாப்பா, தின்னு" என்று நீட்டினார். தோழிகள் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பொறுக்கிக்கிட்டு வந்ததை நான் தின்னமாட்டேன்" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முடிச்சை மறுபடியும் கட்டிக்கொண்டார். வெயில் ஏறுமுன் போகவேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். அதன்பின் எங்கள் வாழ்நாளில் அதுபற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 2003ஆம் ஆண்டு அவர் இறந்தார். பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ சிறு குறைகளைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தத் தோப்பில், யாரும் பார்க்காத இடத்தில், குனிய எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் பொறுக்கினேன். முள்கூட்டைக் காலணியால் மிதித்துத் திறக்க வேண்டும்; கையால் தொட்டால் விரலில் ஊசிகள் தைக்கும். எனக்கும் தைத்தன. புழு துளைத்தவை, கறுத்தவை, எலி கடித்தவை என்று பாதிக்குமேல் விலக்க வேண்டியிருந்தது. அறுவடையில் தப்பியது என்றால் அப்படித்தான் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 3 கிலோ சேர்ந்தது. நிமிர்ந்தபோது இடுப்பு விண்ணென்று வலித்தது. நாள்முழுதும் கூலிக்குக் குனிந்தபின் மறுபடியும் குனிந்த ஒருவரின் இடுப்பு எப்படி வலித்திருக்கும் என்று அப்போதுதான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன்.

இல்லம் திரும்பியதும் நோன்னா பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கொட்டைகளைத் தண்ணீரில் இடச்சொன்னார். மிதந்தவை சொத்தை, மூழ்கியவை நல்லவை. சில நாள் வைத்திருக்க வேண்டியவற்றைத் தண்ணீரிலேயே, அவ்வப்போது நீர் மாற்றி, 9 நாள் ஊறவைத்து நிழலில் உலர்த்துவார்கள். பிறகு எளிதில் பூஞ்சை பிடிக்காது. அந்த ஒன்பது நாள் ஊறலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நொவேனா', அதாவது நவநாள். அடுக்களைப் பேச்சிலும் செபம் கலந்த மக்கள்!

அன்றைக்கு உண்ண வேண்டியவற்றை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பங்கை உப்பும் சிறிது பெருஞ்சீரகமும், நம் பிரிஞ்சி இலையை ஒத்த லாவ்ரோ இலையும் இட்டு முக்கால் மணி நேரம் அவித்தோம். மற்றப் பங்கைச் சுடுவதற்கு, ஒவ்வொன்றின் உப்பிய பக்கத்திலும் கத்தியால் கீறல் போட வேண்டும். மறந்துவிட்டால் நெருப்பில் வெடித்துச் சிதறும். அடியில் துளைகள் இட்ட இரும்புச் சட்டியில் போட்டு, தணலின்மேல் குலுக்கிக் குலுக்கிச் சுட்டபின், கனத்த துணியில் பொதிந்து 10 நிமிடம் வைக்க வேண்டும். ஆவியில் ஓடு நெகிழும். சூடு ஆறுமுன் ஓட்டையும், அதனடியில் ஒட்டியிருக்கும் துவர்ப்பான மெல்லிய உள்தோலையும் உரித்துவிட வேண்டும். ஆறினால் தோல் விடாது. நோன்னாவின் விரல்கள் நடுங்கின. ஆயினும் உள்தோலை ஒரே இழுப்பில் உரித்தார். நான் ஒன்றை உரிக்குமுன் அவர் மூன்றை உரித்தார், உரித்ததைத் தின்றார். பத்தோ பன்னிரண்டோ தின்றிருப்பார். அடுக்களைச் சகோதரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பேசினால் நோன்னா உண்பதை நிறுத்திவிடுவாரோ என்று இருவரும் பேசாதிருந்தோம்.

சற்று நேரம் கழித்து அவர் கேட்டார்: "எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா? ஏதாவது விட்டு வைத்தீர்களா?"

"யாருக்கு?" என்றேன்.

"உங்களுக்குப் பிறகு வருகிறவருக்கு. யாரும் வராவிட்டால் காட்டுப்பன்றிக்கு, அணிலுக்கு. பொறுக்குகிறவரும் கொஞ்சம் விட்டுத்தான் வரவேண்டும், சகோதரி."

பிறகு அவர் 1944ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போர் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து நின்றுவிட்ட குளிர்காலம் அது. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் வரை போர்முனை அங்கேயே கிடந்தது. இந்தியப் படையின் 8ஆம் டிவிஷன் டிசம்பர் இறுதியில் அப்பள்ளத்தாக்குக்கு வந்தது. இந்தியர் என்ற சொல்லை அவர் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அவருக்கு 14 வயது. தந்தை எங்கிருக்கிறார் என்று தெரியாது. கீழே ஐந்து தம்பி தங்கையர். வாங்குவதற்கு மாவும் இல்லை, பணமும் இல்லை. அவர் தாய், தோப்பு திறந்த நாள்முதல் இருட்டும்வரை மரத்தடியிலேயே கிடந்தாராம். பொறுக்கிய கொட்டைகளை, தோப்புகளுக்குள் கட்டியிருக்கும் 'மெத்தாத்தோ' என்னும் சிறு கல்வீட்டில் உலர்த்துவார்கள். கீழே தணல் மூட்டம்; மேலே மரச்சட்டங்களால் ஆன பரண்; பரண்மேல் கொட்டைகள். ஏறத்தாழ 40 நாள் அந்தப் புகையில் உலர்ந்து எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தபின், ஓடு நீக்கி, கல் ஆலையில் அரைப்பார்கள். "அந்த மாவில் கிளறிய களியைத் தின்றுதான் நாங்கள் ஆறு பேரும் வசந்தத்தைப் பார்த்தோம்" என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "இந்த மலையில் என் அம்மாவைப்போல் பொறுக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை" என்றார்.

அந்தக் குரலில் இருந்த பெருமிதத்தை என்னால் தாங்க முடியவில்லை. என் அரைகுறை இத்தாலிய மொழியில், விடுதித் தாழ்வாரத்தையும் முந்தானை முடிச்சையும் அவரிடம் சொன்னேன். கடலைக்கு இத்தாலியச் சொல் தெரியும், தப்புக்கடலைக்குத் தெரியவில்லை. "ருஸ்பாரே" என்றேன். அவருக்குப் புரிந்தது.

ஆறுதலாக அவர் எதுவும் சொல்லவில்லை. துணிப் பொதிக்குள் கைவிட்டு, இன்னும் சூடாக இருந்த ஒன்றை எடுத்தார். ஓட்டை உடைத்து, உள்தோலை நீக்கி, நகத்தால் ஒரு கறுப்புப் புள்ளியைக் கிள்ளி எறிந்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

"தின்னுங்கள்" என்றார்.

தின்றேன். 13 வயதில் தின்றிருக்க வேண்டியதை அன்று தின்றதாகவே உணர்ந்தேன். அடுத்த வாரம் ஒப்புரவு அருளடையாளத்தில் அதைச் சொன்னேன். அதன்பின் நோன்னா ஒரேயடியாக உண்ணத் தொடங்கிவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். தட்டைத் தள்ளிய நாட்களும் இருந்தன. ஆனால் செஸ்நட் மாவு கிடைக்கும் வரையில் ஏதோ ஒன்றை அவருக்குச் சமைத்தோம். மாவை நீரில் கரைத்து, காய்ந்த இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி, தோசைபோல் சுட்டு, ரிக்கோத்தா என்னும் மென்பாலாடைக்கட்டியை உள்ளே வைத்துச் சுருட்டினால் நெச்சோ. எண்ணெயும் உலர்திராட்சையும் ரோஸ்மேரி இலையும் சேர்த்து அடுப்பில் வாட்டினால் கஸ்தாஞ்ஞாச்சோ. அதில் சர்க்கரை தேவையில்லை. மாவிலேயே இனிப்பு உண்டு. நோன்னா மேலும் இரண்டு இலையுதிர் காலங்களைக் கண்டு, அமைதியாக இறந்தார்.

நான் அங்கிருந்த கடைசி ஆண்டுகளில் மரங்கள் துன்புற்றன. மொட்டுகளில் முட்டையிட்டுக் கரணைகளை உண்டாக்கும் சீனக் குளவி ஒன்று 2002ஆம் ஆண்டு பியமோந்தே மாநிலத்தின் கூனேயோ பகுதியில் கண்டறியப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. அதற்கு எதிரியான மற்றொரு சிறு குளவியை 2005ஆம் ஆண்டு முதல் விட்டுவந்தார்கள். காலப்போக்கில் அது நோயை அடக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கூடைகள் நிறையவில்லை. விளைச்சல் குன்றினால் தோப்புக்காரருக்குக் குறைவு. பொறுக்குகிறவருக்கோ ஒன்றுமே இல்லை. இதையும் அங்கேதான் கண்டேன்.

தாயகம் திரும்பியபின் 2015ஆம் ஆண்டு ஐப்பசியில் ஊருக்குப் போனேன். கடலை பிடுங்கி முடிந்திருந்தது. ஒரு மழையும் பெய்து ஓய்ந்திருந்தது. கொல்லைக்காரரிடம் தப்புக்கடலை பொறுக்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "என்ன சிஸ்டர், நீங்க ஏன் குனியணும்? ஒரு மூட்டை அனுப்பி வைக்கிறேனே" என்றார். "மூட்டை வேண்டாம் அண்ணே, தப்பினது போதும்" என்றேன். ஐயாயிரம் பேர் உண்டபின் சிந்தியது வீணாகக் கூடாதென்று ஆண்டவர் சொல்ல, திருத்தூதர்கள் பன்னிரண்டு கூடை சேர்த்தார்களே. அவர்களும் குனிந்துதானே பொறுக்கியிருப்பார்கள்!

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வட இத்தாலியில் சில ஊர்களில் அதற்கு முந்திய இரவு, இறந்தோருக்கென்று செஸ்நட் கொட்டைகளை மேசைமேல் விட்டுவைக்கும் வழக்கம் உண்டு. நான் அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, அவித்த கடலையை முந்தானையில் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். மழையில் முளைகட்டிய கடலைக்கு ஒரு தனி இனிப்பு. பக்கத்துக் கல்லறைகளுக்கு வந்த பிள்ளைகள் கை நீட்டினார்கள், கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"பொறுக்கியது" என்றேன்.

எழுந்தபோது ஒரு பிடி மிச்சம் இருந்தது. அதை அங்கேயே விட்டு வந்தேன், அணில்களுக்கு.